பந்து தரையை விட்டால்தான் துள்ளும்: பேஸ்லைன் போடப் பழகுகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சேலத்திலேயே கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் செய்யத் தொடங்கி நாலைந்து மாதம் ஆகிறது. “அண்ணா, கிக்கைத் தனியா கேட்டா நல்லா இருக்கு. பேஸைத் தனியா கேட்டா அதுவும் நல்லா இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஓட்டினா ஆடணும்னே தோண மாட்டேங்குது” என்றான். கிக் என்பது ‘டும் டும்’ என்று தட்டுக்குத் தட்டு விழும் டிரம் அடி, பேஸ் அதனோடு ஓடும் கீழ்ச் சுர வரி.

ஓட்டச் சொல்லிக் கேட்டேன். அவன் சொன்னது உண்மைதான். சத்தம் நிறைய இருந்தது, தலை அசையவில்லை. திரையைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. ஒரு பாருக்கு, அதாவது நாலு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு, பதினாறு கட்டம், பதினாறிலும் நோட்டு. ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் முட்டிக்கொண்டு, பாய் விரித்த மாதிரி இடைவெளியே இல்லாமல் கிடந்தது.

“முதல்ல இதுல பாதிக்கு மேல அழிச்சிடு தம்பி” என்றேன். முகம் வாடிவிட்டது. ராத்திரியெல்லாம் கண்விழித்துப் போட்டதாம். ஆனாலும் அழித்தான். பத்து நிமிடத்தில் அவன் கால் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்து செய்ததை, அவனைப் போலத் தொடங்குகிற எல்லோருக்குமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு ரப்பர் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் பட்டதும் எழும்புகிறது, அந்தரத்தில் கொஞ்ச நேரம் இருக்கிறது, மறுபடி வந்து விழுகிறது. தரையோடு ஒட்டி உருண்டுகொண்டே போனால் அதைத் துள்ளல் என்று யாரும் சொல்ல மாட்டோம். டான்ஸ் மியூசிக்கில் கிக் தரை, பேஸ் பந்து. கிக் விழுந்து எவ்வளவு நேரம் கழித்து பேஸ் எழுகிறது, எழுந்தது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, அடுத்த கிக் வருவதற்குள் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் துள்ளல் வரும். எந்த சிந்த் (ஒலியை உருவாக்கும் கருவி), எந்த ப்ரீசெட் (அதில் முன்பே செய்துவைத்த ஒலி) என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். டான்ஸ் மியூசிக்கில் ஒரு வகையான ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 தட்டு வரை ஓடும். நாங்கள் 125 வைத்துக்கொண்டோம், கணக்குக்கு வசதி. 60,000 மில்லி செகண்டை 125-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 480 மில்லி செகண்ட் வரும். அதில் பாதி 240. கால்வாசி 120, அதுதான் ஒரு கட்டம். இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை உதவும்.

கட்டங்களை எண்ண வெளிநாட்டுப் பாடங்களில் ஏதேதோ சொல்லித்தருவார்கள். நமக்குக் கையிலேயே நல்ல வழி இருக்கிறது: தகதிமி. ஒரு தட்டுக்கு நாலு கட்டம், நாலு எழுத்து. இந்த வகை இசையில் கிக் ஒவ்வொரு ‘த’விலும் விழும். வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே ‘த’வுக்குக் காலைத் தட்டுங்கள். நாலைந்து சுற்று போனதும் ‘தி’க்குக் கையைத் தட்டுங்கள். கால், கை, கால், கை. ‘தி’ வரும் நேரத்தில் உங்கள் பாதம் எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? தரையை விட்டு எழும்பி நிற்கிறது. இதைத்தான் ஆஃப்பீட் என்கிறார்கள். ஆடுகிறவன் உடம்பு மேலே எழுகிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் பேஸ் கீழேயிருந்து தாங்கிப் பிடித்தால் உடம்பு இன்னும் கொஞ்சம் எழும்பும். வேறு ஒன்றுமே செய்யாமல், ‘தி’யில் மட்டும் ஒரே சுரத்தைக் குட்டையாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பாதித் துள்ளல் அதிலேயே வந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரே மாதிரி ஓடாத ஒரு வரி வேண்டும். நாங்கள் போட்டது இது. மேல் வரியில் கிக் ‘த’வில். கீழ் வரி பேஸ். கோடு போட்ட இடம் காலி. ஏ, சி, ஜி மேற்கத்திய சுரப் பெயர்கள்.

த க தி மி | த க தி மி | த க தி மி | த க தி மி
– – ஏ ஏ | – – ஏ – | – – ஏ ஏ | – சி – ஜி

ஏ மைனரில் இருக்கிறோம். ‘தி’யில் வரும் ஏ எல்லாம் கீழ் ஏ, அதாவது 55 ஹெர்ட்ஸ். ‘மி’யில் வரும் ஏ மட்டும் ஒரு ஸ்தாயி மேலே, 110 ஹெர்ட்ஸ். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ஏ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் சி சாதாரண காந்தாரம், ஜி கைசிகி நிஷாதம். இந்த ஜி-யை ஏ-க்குக் கீழேயே, 49 ஹெர்ட்ஸில் வையுங்கள். அங்கிருந்து அடுத்த பாரின் ஏ-க்கு ஏறும்போது படி ஏறுகிற மாதிரி இருக்கும்.

நாலாவது தட்டைப் பாருங்கள். மூன்று தட்டாக ‘தி’யில் வந்து பழகிவிட்ட பேஸ், அங்கே மட்டும் ‘தி’யை விட்டுவிட்டு அதற்கு முன்னும் பின்னும் விழுகிறது. காது எதிர்பார்த்த இடம் காலி. அந்த ஏமாற்றம்தான் அடுத்த பாருக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. பதினாறு கட்டத்தில் ஏழு நோட்டுதான் இருக்கிறது. பையன் முதலில் போட்டதில் பாதிகூட இல்லை.

சைட்ரான்ஸ் என்ற இன்னொரு டான்ஸ் வகையைக் கேட்டுப் பழகியவர்கள், அங்கே க, தி, மி மூன்றும் நிரம்பியிருக்கிறதே என்று கேட்கலாம். ஆமாம். அது பெரும்பாலும் 138-க்கு மேல் ஓடும் இசை, அதில் பேஸ் குதிரை மாதிரி பாய்ந்து ஓடும். அங்கேகூட ‘த’ கிக்குக்கென்றே காலியாக விடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அது வேறு சுகம், இன்னொரு நாள் பேசலாம்.

சரி, நோட்டுகள் இடத்தில் விழுந்தாயிற்று. இனி ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு நீளம் என்பது. தொடங்குகிறவர்கள் அதிகமாகக் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நான் அதிக நேரம் செலவழிப்பதும் இதில்தான். ஒரு கட்டம் 120 மில்லி செகண்ட் என்றோம். நோட்டு அதை முழுக்க நிரப்பினால் ஒரு பேஸ்லைன், 80-இல் நின்றால் வேறு பேஸ்லைன். சுரம் மாறவில்லை, இடம் மாறவில்லை, ஆனால் கேட்கிறவருக்கு வேறு பாட்டு மாதிரி இருக்கும். நோட்டுகளைப் போடும் திரையான பியானோ ரோலில், நோட்டைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் கிரிட்டை அணைத்துவிட்டு, எல்லா நோட்டையும் தேர்ந்தெடுத்து, பாட்டை ஓடவிட்டபடியே வலது ஓரத்தைப் பிடித்து மெதுவாகக் குறுக்குங்கள். ஏதோ ஓர் இடத்தில் பேஸ் சட்டென்று தரையை விட்டு எழும்பும். அந்த இடம் வந்ததும் உங்களுக்கே தெரியும். இன்னும் குறுக்கினால் வெறும் ‘டிக் டிக்’ என்று எலும்பாகிவிடும், கொஞ்சம் திரும்பி வாருங்கள். அப்புறம் முதல் ‘தி’யையும் மூன்றாவது ‘தி’யையும் மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டு, மற்றவற்றைக் குட்டையாக வையுங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் துள்ளல் இருக்கும், உயிர் இருக்காது.

நோட்டின் நீளத்தை வெளியிலிருந்து வெட்டுவது ஒரு வழி. ஒலி தானாகவே அடங்கிப்போவது இன்னொரு வழி, அதைச் செய்வது என்வலப். ஒலி எவ்வளவு வேகத்தில் எழுகிறது என்பது அட்டாக். எழுந்தது எவ்வளவு நேரத்தில் சரிகிறது என்பது டிகே. சரிந்து எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது சஸ்டைன். கையை எடுத்த பின் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பது ரிலீஸ். துள்ளலுக்கு அட்டாக் 1 அல்லது 2 மில்லி செகண்ட். சுத்தமாகச் சுழியம் வைத்தால் சில சிந்த்களில் ‘டப்’ என்று ஒரு சின்ன வெடிப்பு கேட்கும். டிகே 180 பக்கம், சஸ்டைன் சுழியம், ரிலீஸ் 40. இங்கிருந்து தொடங்கி உங்கள் காது சொல்கிறபடி திருகுங்கள்.

ஒலிக்கு வைட்டல் போன்ற ஒரு சிந்த் போதும், அதன் இலவசப் பதிப்பிலேயே இதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர் ஒன்றே ஒன்று, அதில் சா வேவ் என்ற ரம்பப்பல் அலை. அதன் மேல், கீழ் ஒலியை விட்டு மேல் ஒலியை வெட்டும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர். ஃபில்டரின் கட்ஆஃபை, அதாவது வெட்டத் தொடங்கும் இடத்தை, 150 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாக மூடிவைத்துவிட்டு, இரண்டாவது என்வலப்பைக் கொண்டு ஒவ்வொரு நோட்டின் தொடக்கத்திலும் அதைத் திறந்து, 100 மில்லி செகண்டுக்குள் மூடவிடுங்கள். ‘ஊ’ என்று கேட்டுக்கொண்டிருந்தது ‘வவ்’ என்று வாய் திறந்து மூடும். நோட்டை எவ்வளவு பலமாக அடித்தோம் என்பதைச் சொல்லும் வெலாசிட்டியையும் இந்த ஃபில்டரோடு இணைத்துவிட்டால், மெதுவாக அடித்த நோட்டு சத்தத்தில் மட்டுமல்லாமல் நிறத்திலும் மங்கலாகும். மேல் ஏ இரண்டுக்கும் வெலாசிட்டி 60, கீழ் ஏ-க்கு 100. பந்து ஒருமுறை பலமாகத் துள்ளி, அடுத்து சின்னதாக ஒன்று துள்ளுமே, அந்தக் கணக்கு.

இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. அதைச் சொல்ல உறுமியிடம் போக வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு ஆடி மாதத்தில் காது ஓயாது. கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, பம்பை, உறுமி என்று ஊரே அதிரும். உறுமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். ‘உர்ர்ம்ம்’ என்று சுருதி வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஒலி வயிற்றில் போய் உட்காரும். அது ஒரு நிலையான சுரம் இல்லை, நகர்கிற சுரம். அதனால்தான் அதைக் கேட்டதும் இடுப்பு அசைகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிந்த்தில் இதைக் கொண்டுவர ஒரு வழி பிட்ச் என்வலப். ஒவ்வொரு நோட்டும் பன்னிரண்டு அரைச்சுரம் மேலே தொடங்கி, 30 மில்லி செகண்டுக்குள் தன் இடத்துக்கு விழும்படி வையுங்கள். தனிச் சுரமாகக் காதில் விழாது, ‘டும்’ என்ற ஓர் உதையாகத்தான் கேட்கும். இன்னொரு வழி ஒரு நோட்டிலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போவது, நம் பாட்டில் ஜாரு என்கிறோமே அதைப் போல. கடைசி ஜி-யிலிருந்து ஏ-க்கு இப்படி ஒரு வழுக்கல் வைத்தால் அவ்வளவு அழகாக இருக்கும். எல்லா இடத்திலும் வைத்துவிடாதீர்கள், சாப்பாடு முழுக்க ஊறுகாய் ஆகிவிடும்.

ரோலண்ட் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த டிபி-303 என்ற சின்னப் பெட்டிக்கு இந்த வழுக்கலும் அழுத்தமும்தான் பெயர் வாங்கிக் கொடுத்தன. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்தது. விற்பனை சரியாகப் போகாமல் 1984-இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு சிகாகோ இசைக்காரர்கள் பழைய சாமானாக மலிவு விலைக்கு வாங்கி, ஃபில்டரைத் திருகித் திருகி ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையையே உண்டாக்கினார்கள். அதற்கும் முன்னால், 1982-இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் இதே 303-ஐ வைத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். சிகாகோவுக்கு முன்பே அந்தப் பெட்டி நம் ராகத்துக்கு வழுக்கியது என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

அடுத்தது ஸ்விங். எங்கள் பக்கம், அம்மாபேட்டையில், ராத்திரியிலும் விசைத்தறி ஓடும். தூக்கம் வராத நேரத்தில் ஒரே ஒரு தறியைப் பிரித்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கம் போவதும் அந்தப் பக்கம் வருவதும் கச்சிதமாகச் சம நேரமாகக் கேட்காது. ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்று கொஞ்சம் குறைவு. ‘டக்…கடக், டக்…கடக்’ என்று நொண்டுகிற மாதிரி ஓர் ஓட்டம். ஸ்விங் என்பது அந்த நொண்டல்தான். ‘த’வும் ‘தி’யும் தங்கள் இடத்தில் அப்படியே நிற்கும். ‘க’வும் ‘மி’யும் மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். எல்எம்-1 என்ற டிரம் இயந்திரத்தில் ரோஜர் லின் 1980-லேயே இந்த வசதியை வைத்திருந்தார். பல கருவிகளில் இன்றைக்கும் இதற்குச் சதவீதக் கணக்குதான். 50 என்றால் நொண்டலே இல்லை, ‘த’விலிருந்து 120 மில்லி செகண்டில் ‘க’. 54 என்றால் கிட்டத்தட்ட 130-இல். 58 என்றால் 139-இல். 66-ஐத் தாண்டும் இடத்தில் 160-க்கு வந்துவிடும், அப்போது அது நாலாகப் பிரியும் சதுஸ்ரமே இல்லை, மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. சில மென்பொருள்களில் சுழியத்திலிருந்து 100 வரை வேறு அளவுகோல் இருக்கும், எண்ணைப் பார்க்காமல் காதைக் கேளுங்கள். எங்கள் வரியில் நகர்வது மேல் ஏ இரண்டு, சி, ஜி. 54 வைத்ததில் நகர்ந்தது வெறும் பத்து மில்லி செகண்ட்தான். ஆனால் பையன் அதைப் போட்ட உடனே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். சிம்பல் ஒலியான ஹை-ஹாட்டுக்கும் இதே அளவு ஸ்விங் வைக்க மறக்காதீர்கள். பேஸ் நொண்டி, ஹாட் நேராக நடந்தால் இரண்டும் காலை வாரிக்கொள்ளும்.

இனி சைடுசெயின். இணையத்தில் தேடினால் துள்ளல் என்றாலே இதுதான் என்று முதல் வேலையாகச் சொல்லித்தருகிறார்கள். நான் கடைசியில் வைப்பேன். காரணம் சொல்கிறேன். ஏற்காட்டுக்கு வண்டியில் போயிருப்பீர்கள். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு. இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் விதி. பஸ் திணறிக்கொண்டு ஏறி வரும்போது, மேலேயிருந்து வரும் கார் ஓரம் கட்டி நிற்கிறது. பஸ் திரும்பி முடித்ததும் கார் நகர்கிறது. கிக் அந்த பஸ், பேஸ் அந்தக் கார். கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸின் சத்தத்தை கம்ப்ரஸர் கீழே அமுக்கி, கிக் போனதும் விட்டுவிடும்.

இதில் அட்டாக் என்பது கார் எவ்வளவு சீக்கிரம் ஓரம் கட்டுகிறது என்பது. தாமதித்தால் உரசல்தான், அதனால் எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு குறைவு. ரிலீஸ் என்பது பஸ் போன பிறகு எவ்வளவு நேரத்தில் கார் கிளம்புகிறது என்பது. பஸ் வால் தாண்டுவதற்குள் கிளம்பினால் முட்டும். போய் வெகுநேரம் ஆகியும் நின்றுகொண்டிருந்தால் பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார். 125 வேகத்தில் ‘தி’ வருவது கிக்குக்கு 240 மில்லி செகண்ட் கழித்து. அதற்குள் பேஸ் முழு சத்தத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ரிலீஸை 120 முதல் 150 மில்லி செகண்டுக்குள் தொடங்குங்கள், எவ்வளவு பலமாக அமுக்குகிறது என்ற ரேஷியோ நாலுக்கு ஒன்று, அமுங்குவது நாலு முதல் ஆறு டெசிபெல். இதைக் கடைசியில் வைக்கச் சொன்னது ஏனென்றால், நம் வரியில் பேஸ் ‘த’வில் வருவதே இல்லை. ‘மி’யில் வரும் மேல் ஏ, கடைசி ஜி இவற்றின் வால் மட்டும்தான் அடுத்த கிக்கின் மேல் விழ வாய்ப்பு. ஆளே இல்லாத சாலையில் யாருக்கு வழிவிடுவது? நோட்டுகளைச் சரியாக வைத்துவிட்டால் சைடுசெயினுக்கு வேலை குறைவு. பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேடுக்கும், பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளுக்கும் அதைப் போடுங்கள், அங்கேதான் அது மொத்தப் பாட்டையும் மூச்சுவிட வைக்கும்.

இவ்வளவு செய்தும் நான் ஒரு விஷயத்தில் பல மாதம் ஏமாந்தேன். என் அறை பத்தடி அகலம். நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழ் ஏ எப்போதும் மெலிசாகவே கேட்டது, அதனால் ஏற்றிக்கொண்டே போனேன். நண்பர் காரில் போட்டுக்கொண்டு ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி போவதற்குள் கதவெல்லாம் கடகடத்தது, அவர் பாட்டை நிறுத்திவிட்டார். தப்பு பாட்டில் இல்லை, அறையில். 55 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஆறு மீட்டர் சொச்சம். அதில் பாதி மூன்று மீட்டர் சொச்சம், அதாவது பத்தடி. சுவருக்குச் சுவர் அந்த அலை கச்சிதமாகப் பொருந்திக்கொண்டு, சுவரோரம் முழங்கும், நடுவில் இல்லாமல் போய்விடும். உங்கள் அறையில் பாட்டை ஓடவிட்டு நடுவிலிருந்து சுவர்வரை நடந்து பாருங்கள், வித்தியாசம் கேட்கும். இப்போது நாற்காலியை நடுவிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன், பேஸின் சத்த அளவை ஹெட்ஃபோனில்தான் முடிவு செய்கிறேன்.

ஃபோனில் கேட்கிறவர்களையும் மறக்க வேண்டாம். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் வராது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்குவது) சேர்த்தால் 110, 165, 220 என்று மேல் அடுக்குகள் வலுவாகும். அடியில் உள்ளது வராவிட்டாலும், மேலே உள்ளவற்றை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வாட்ஸ்அப்பில் ஓர் எட்டு பார் அனுப்பியிருந்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தகதிமி சொல்லிக்கொண்டே கேட்டேன். ஒவ்வொரு இரண்டாவது பாரிலும் முதல் ‘தி’யை எடுத்துவிட்டிருந்தான். அதை நான் சொல்லித்தரவில்லை. கிக் விழுந்து, ஒன்றுமே வராமல் ‘மி’யில் மேல் ஏ மட்டும் மெதுவாகத் தலைகாட்டியது. மூன்று தடவை திரும்ப ஓட்டினேன்.